சராசரியில் இல்லாத ஆறு

ஆறு ஊரைவிட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பதுக்கு. அது வற்றவில்லை. வற்றுவது வேறு விஷயம். அதற்கு வருஷக்கணக்காகும், அதற்கென்று வரைபடங்களும் கருத்தரங்குகளும் உண்டு. இது எழுந்து போனது. முதலில் இரண்டு கரைகளிலிருந்தும் தன் ஓரங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பிறகு நடுவில் ஒன்றாகத் திரண்டு, மீன்கள், நண்டுகள், பாசி, அடியில் கிடந்த வண்டல் என்று தனக்குச் சேர்ந்த எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு, வந்த வழியே மேட்டைப் பார்த்து நடந்தது. தனக்குச் சேராத எதையும் அது தொடவில்லை. உடைந்த நாற்காலிகள், ஒற்றைச் செருப்புகள், இரண்டு சைக்கிள்கள், ஒரு தையல் இயந்திரம், கணக்கில்லாத பிளாஸ்டிக் பைகள் எல்லாம் போட்டது போட்டபடி மணலில் கிடந்தன. வீடுகளில் குடத்திலும் வாளியிலும் மொண்டு வைத்திருந்த தண்ணீரும் அப்படியே இருந்தது. அது வீட்டு மனுஷர்களோடு பழகிவிட்டது என்று ஆறு நினைத்திருக்கலாம். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்த தபால்காரர் முங்குவதற்காகக் குனிந்து, மணலில் மூக்கை இடித்துக்கொண்டார். தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, கேட்டால் காட்டுவார்.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் புள்ளியக்கா. சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வு மையத்தின் கிளை அலுவலகம் ஆற்றோரத் தெருவின் கடைசியில் இரண்டு அறைகளில் இருந்தது. ஒரு தராசு, ஓயாமல் முனகும் ஒரு குளிர்சாதனப் பெட்டி, ஜன்னலோரம் வரிசையாகக் கவிழ்த்து வைத்த கண்ணாடிப் புட்டிகள், இவற்றோடு அவள் அங்கே தண்ணீரின் தரத்தைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தாள். எந்த எண்ணை எழுதினாலும் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போடாமல் விடமாட்டாள். கடையில் அரைக் கிலோ வெங்காயம் வாங்கும்போதுகூட "பூஜ்யம் புள்ளி ஐம்பது" என்றுதான் வாயில் வரும். அதனால் அந்தப் பெயர். இருபது வருஷ வேலையில் அவள் எழுதிய ஓர் எண்ணைக்கூட யாரும் தப்பு என்று காட்டியதில்லை, அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் வெப்பமானியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு நின்றாள். தண்ணீர் போய்விட்டது, வெப்பமானி காற்றில் தொங்கியது. கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினாள். ஊரே மூக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு நிற்கையில், அவளுக்கு ஆறு ஏன் போனது என்று தெரிந்திருந்தது.

அவள் புருஷன் அதே அலுவலகத்தில் ஆற்றின் ஆழத்தையும் வேகத்தையும் அளப்பவர். கையில் எப்போதும் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட அளவுகோல் இருக்கும் என்பதால் கோல்காரர். அந்தக் கோலின் உடம்பு முழுக்க நீல சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டுதான் தண்ணீரில் இறக்குவார். நனைந்த இடம் வரைக்கும் நீலம் கரைந்துபோகும், மிச்சம் நிற்கும் கோட்டை வைத்து ஆழத்தைப் படிப்பார். இயந்திரம் வாங்கித் தருகிறோம் என்று மேலிடம் சொன்னபோது வேண்டாம் என்றார். இயந்திரம் ஆழத்தைச் சொல்லும், தண்ணீரின் குணத்தைச் சொல்லாது என்பது அவர் கட்சி. சட்டைப்பையில் நீலம், விரல் நகத்தில் நீலம், தலையணை உறையில் நீலம். புள்ளியக்கா துவைக்கும்போதெல்லாம் முணுமுணுப்பாள். பிற்பாடு அந்த உறைகளில் ஒன்றை மட்டும் துவைக்காமல் பீரோவில் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஊருக்கு மேற்கே மின் நிலையம் இருந்தது. அது ஆற்றிலிருந்து தண்ணீரை எடுத்து, தன் இயந்திரங்களைக் குளிரவைத்துக்கொண்டு, சூடான தண்ணீரை ஆற்றிலேயே திருப்பி விட்டது. எவ்வளவு சூட்டை ஆறு தாங்கும் என்று கொள்கை வகுப்பதற்காக ஆய்வு மையம் ஒரு வருஷம் ஆய்வு நடத்தியது. புருஷனும் பெண்டாட்டியும் முறை போட்டுக்கொண்டு நாளைக்கு நான்கு வேளை தண்ணீரின் வெப்பத்தை அளந்தார்கள்: காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு, நள்ளிரவு. படிவத்தில் நான்கு வேளைக்கும் கட்டம் இருந்தது; ஆனால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் தாளில் ஒரே ஒரு கட்டம்தான், சராசரி. மையத்தின் இயக்குநர் எதையும் சுருக்கமாகக் கேட்கிறவர். அறுநூறு பக்க அறிக்கையிலும் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார் என்பதால் அவருக்கே சுருக்கம் சார் என்றுதான் பெயர். "ஒரே ஒரு நம்பர் சொல்லுங்கம்மா, மேல கேக்குறாங்க" என்பார். கெட்டவர் இல்லை, முட்டிவலிக்காரர், அவ்வளவுதான்.

கோடையின் உச்சத்தில் ஒரு நாள், காலையில் இருபத்தாறு புள்ளி இருபது, நண்பகலில் முப்பத்தொன்பது புள்ளி நாற்பது, மாலையில் இருபத்தொன்பது புள்ளி எண்பது, நள்ளிரவில் இருபத்தைந்து புள்ளி நாற்பது. கூட்டி நான்கால் வகுத்தால் முப்பது புள்ளி இருபது. வரம்பு முப்பத்தொன்று. ஆகவே ஆறு நலம். நண்பகல் வேளையில் கோல்காரர் தண்ணீருக்குள் நின்றுவிட்டு வந்து, சிவந்துபோன முழங்காலைக் காட்டினார். மீன்கள் வாயை மேலே தூக்கிக்கொண்டு மிதப்பதைச் சொன்னார். நண்பகல் எண்ணைத் தனியாக எழுதி அனுப்பு என்றார். கட்டம் இல்லையே என்றாள் அவள். கட்டம் போட்டு எழுது என்றார். படிவத்தில் கை வைக்க எனக்கு அதிகாரம் இல்லை, நான் எழுதியதில் என்ன தப்பு, கூட்டிப் பாருங்கள் என்று நோட்டை அவர் முன்னால் தள்ளினாள். அவர் கூட்டிப் பார்த்தார். தப்பில்லை.

"கணக்கு சரிதான்மா. ஆனா சராசரியில யாரும் குளிக்க முடியாது. அந்த மீனுக்குப் பன்னெண்டு மணின்னு ஒண்ணு இருக்குல்ல?"

அவள் சராசரியையே எழுதி அனுப்பினாள். முந்நூற்று அறுபத்தைந்து நாளும் வரம்புக்குள், இரண்டு இலக்கச் சுத்தமாக. அறிக்கை வந்தது, கொள்கை வந்தது, கையொப்பம் வந்தது, மின் நிலையம் இன்னும் இரண்டு இயந்திரங்களைப் போட்டது. அடுத்த மாதம் முதல் செவ்வாய்க்கிழமை ஆறு எழுந்து போய்விட்டது.

கோல்காரர் மறுநாள் காலையில் கிளம்பினார். இரண்டு சட்டை, ஒரு போர்வை, பதினாறு பெட்டி நீல சாக்பீஸ், கோல். கோபித்துக்கொண்டு போகவில்லை, கோபம் இருந்திருந்தால் அவள் எப்படியாவது சமாளித்திருப்பாள். ஆறு மனசு உடைந்து போகிறது, துணைக்கு ஓர் ஆள் வேண்டாமா, பேசிப் பார்க்கிறேன் என்றார். எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்டாள். அது வரும்போது என்றார். மணலில் அவர் நடந்துபோன தடமும் பக்கத்தில் கோல் ஊன்றிய புள்ளிகளும் மூன்று நாள் இருந்தன. நான்காம் நாள் காற்றடித்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் போயிற்று. குளிர வைக்கத் தண்ணீர் இல்லாமல் மின் நிலையம் நின்றது. அதன் புகைபோக்கியில் பருந்துகள் குடித்தனம் வைத்தன. மின்சாரம் எங்கிருந்தோ தொலைவிலிருந்து, வருகிறபோது வந்தது. ஆறு ஏன் போனது என்று ஆராய மூன்று குழுக்கள் வந்தன. ஒன்று பருவநிலை மாற்றம் என்றது, ஒன்று நிலத்தடி நீர் என்றது, மூன்றாவது குழு மேற்கொண்டு ஆய்வு தேவை என்றது; ஒருவரும் புள்ளியக்காவைக் கேட்கவில்லை. ஊருக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. ஆற்று மணல் காய்ந்து அப்படிச் சுட்டது, பதினொரு மணி ஆனால் ஆற்றோரத் தெருவில் எல்லோரும் ஜன்னல்களை அடைத்து ஈரத்துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்துவிடுவார்கள். மூன்று மணி வரைக்கும் தெருவில் ஒரு காக்காய் இருக்காது.

இத்தனைக்கும் நடுவில், புள்ளியக்கா தண்ணீர் மாதிரி எடுத்துவந்த நிலையத்தை மூட முடியவில்லை. நிலையங்களின் பட்டியல் கொள்கையோடு சேர்த்துக் கையொப்பம் ஆனது. ஓரிடத்தில் தண்ணீர் இல்லை என்று நிரூபித்தால்தான் பட்டியலிலிருந்து நீக்கலாம், நிரூபிக்க அந்தத் தண்ணீரின் மாதிரி வேண்டும். ஆகவே ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் புள்ளியக்கா இரண்டு புட்டிகளை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். ஒன்று ஆற்றுத் தண்ணீருக்கு; அது காலியாகவே திரும்பும். மற்றதை பிளாங்க் என்பார்கள். அதில் ஆய்வுக்கூடத்தில் காய்ச்சி வடித்த, ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீர் இருக்கும். அதை ஆற்றோரம் கொண்டுபோய், ஒரு நிமிஷம் மூடியைத் திறந்து வைத்து, மறுபடி மூடிக் கொண்டுவந்து பரிசோதிக்க வேண்டும். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் புட்டியிலோ கையிலோ அழுக்கு என்று அர்த்தம். பதினான்கு வருஷமும் அதில் ஒன்றும் இல்லை. நூற்று அறுபத்தெட்டு முறை பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்று எழுதினாள்.

அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் மாதம் முழுக்க இருந்தாள் என்று சொல்லவேண்டும். ஆற்றுக்குள் நட்டிருந்த அளவுக்கம்பத்தின் அடியில், மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, திறந்த புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டைப் பார்ப்பாள். நண்பகல் எண்ணை எழுதி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தினமும் யோசித்தாள். அதிகபட்சம் ஒரு விளக்கக் கடிதம் கேட்டிருப்பார்கள். ஒரு விளக்கக் கடிதத்துக்குப் பயந்து ஆற்றையும் விட்டாள், மனுஷனையும் விட்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கீழ்வீட்டில் இருந்த நாத்தனார், மின் நிலையத்தின் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவள், வேலை போனபின் வீட்டோடு தங்கிவிட்டவள், வருஷத்துக்கு ஒருமுறை அண்ணியிடம் கேட்பாள், வேறு யாரையாவது பார்த்துக் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று. அண்ணனுக்கு எதிராகத் தங்கையே இப்படிக் கேட்கிறாளே என்று புள்ளியக்கா சிரித்துவிட்டு, படுக்கையில் அவருடைய பக்கத்தை ஒவ்வொரு நாளும் உதறிப் போடுவாள்.

நூற்று அறுபத்தொன்பதாவது பிளாங்கில் கரைந்த ஆக்சிஜன் இருந்தது, மலையோரத் தண்ணீரில் இருக்கிற அளவுக்கு. கூடவே கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து. புட்டி அழுக்காக இருக்கும் என்று எல்லாப் புட்டிகளையும் அமிலத்தில் ஊறவைத்து ஆறு முறை கழுவினாள். அந்த வாரம்தான் நாத்தனார் மாடிக்கு வந்து ஓர் அதிசயம் சொன்னாள்.

"அண்ணி, மத்தியானம் படுத்திருக்கறப்ப தண்ணி ஓடுற சத்தம் கேக்குது. குழாய மூடாம விட்டீங்களா?"

"குழாயில தண்ணி வந்து நாலு நாள் ஆச்சு. வெயில்ல காது அடைச்சிருக்கும், படு."

நூற்று எழுபதாவது பிளாங்கிலும் அதே இருந்தது, கூடுதலாக. அன்று அளவுக்கம்பத்தின் அடியில் மணல் ஈரமாக இருந்ததையும் பார்த்தாள், பனி என்று குறிப்பெழுதினாள். கோடையில் பனி எங்கிருந்து வந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஆசைப்படுகிறவர்கள் சில கேள்விகளைக் கேட்கமாட்டார்கள், பதில் இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது. ஆய்வுக்கூடத்தில் தண்ணீரை வடிதாளில் ஊற்றினாள். தண்ணீர் இறங்கிப்போனபின் வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் மிஞ்சியது. நீல வட்டம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பீரோவைத் திறந்து, பதினான்கு வருஷம் துவைக்காத தலையணை உறையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் அழுதது ஆறு நிமிஷம். அவளே சொன்னது, நேரம் பார்த்திருக்கிறாள்.

இங்கேதான் சிக்கல் வந்தது. விதிப்படி தொடர்ந்து மூன்று பிளாங்க் சுத்தமில்லாமல் போனால் அந்த நிலையம் நம்பத்தகாதது. மூடிவிட்டு, பரிசோதகரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றிவிட வேண்டும். தண்ணீர் இல்லாததற்காக மூட முடியாத நிலையத்தை இதற்காக மூடலாம். அந்த நிலையம் போனால் அவரிடமிருந்து சேதி வரும் ஒரே வழியும் போனது. மூன்றாவது செவ்வாய்க்கிழமை வந்தது. வடிதாளில் மறுபடியும் நீலம், முன்னைவிட அழுத்தமாக. சுருக்கம் சார் தொலைபேசியில் கூப்பிட்டார். தலை நரைத்து ஓய்வுக்கு நான்கு மாதம் இருந்தது அவருக்கு. ஒரு நிலையத்தை மூடும் காகித வேலை வேண்டவே வேண்டாம் என்று இருந்தார்.

"ஏம்மா, பூஜ்யம்னு போட்டுட்டுப் போங்களேன். யாரு வந்து பாக்கப் போறா? நானும் நிம்மதியாப் போவேன், உங்க வேலையும் அங்கயே இருக்கும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பூஜ்யம் எழுதினால் நிலையம் தப்பும், அடுத்த மாதமும் அவள் புட்டியோடு போகலாம், அதற்கடுத்த மாதமும். பேனாவைத் திறந்துகொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டி முனகிற்று. இந்தக் கைதான் ஒருமுறை தப்பே இல்லாத ஓர் எண்ணை எழுதி ஆற்றை விரட்டியது. இப்போது பூஜ்யம் என்று எழுதினால், அவர் வரவில்லை என்று அவளே கையொப்பம் போட்டுக் கொடுத்ததாக ஆகும். பதினான்கு வருஷம் கழித்து வாசல் வரைக்கும் வந்த மனுஷனை வரவில்லை என்று எப்படி எழுதுவது? கிடைத்த அளவை எழுதினாள். ஆக்சிஜன், சுண்ணாம்பு, நீலம். காரணம் என்று கேட்ட கட்டத்தில் "ஆறு பக்கத்தில் இருக்கிறது" என்று எழுதினாள். பேனாவை மூடவில்லை. பழைய நோட்டுகளை எடுத்து, அந்த முந்நூற்று அறுபத்தைந்து நாளின் நண்பகல் எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, தானே கட்டம் போட்டு, பதினொரு தாளில் எழுதினாள். மேலே இப்படி எழுதினாள்: அந்த வருஷத்து அறிக்கையில் தப்பான எண் ஒன்றுகூட இல்லை, ஆனால் அது பொய், எழுதியது நான்.

அது பதினாறாம் நாள் தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சுருக்கம் சார் முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் எடுத்தார், ஆனால் அதில் சுருக்கம் எதுவும் இல்லை, எண்கள்தான் இருந்தன. பதினொரு தாளையும் படித்தார். முப்பத்தொன்பது புள்ளி நாற்பது, நாற்பது புள்ளி பத்து, முப்பத்தொன்பது புள்ளி எழுபது. சராசரி மட்டும் போதும் என்று கேட்டது தான்தான் என்பது அவருக்கு நினைவு வந்தது. அறையைவிட்டு வெளியே வந்து, நடைபாதைக் குழாயில் கைகளை வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்ததாக அங்கிருந்த தட்டச்சர் சொல்வார். பிறகு இரண்டு காகிதங்களில் கையொப்பம் போட்டார். ஒன்று, விதிப்படி நிலையத்தை மூடும் உத்தரவு. அதை அவரால் தடுக்க முடியாது. மற்றது, வெப்ப வரம்பு சராசரிக்கு அல்ல, எந்த வேளைக்கும் பொருந்தும் என்று கொள்கையைத் திருத்தும் பரிந்துரை. இல்லாத ஆற்றுக்காகத் திருத்திய கொள்கை என்று அதை எல்லோரும் கேலி செய்தார்கள்.

உத்தரவு புள்ளியக்கா கையில் கிடைத்தது ஒரு புதன்கிழமை. மாத முடிவுக்குள் அளவுக்கம்பத்தில் நிலையத்தின் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைக் கழற்றி ஒப்படைக்க வேண்டும். திருப்புளியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனவள் கதவருகே நின்றாள். நண்பகல் எண்களை எழுதி எழுதி அவள் தலையில் பன்னிரண்டு மணி உட்கார்ந்திருந்தது. இந்தப் பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூடத் தான் பன்னிரண்டு மணிக்கு ஆற்றுக்குள் இறங்கியதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லாக் குறிப்பும் காலை பத்து. படிவத்தில் பத்து என்று இருந்தது, பத்துக்குப் போனாள். மத்தியானம் தண்ணீர் ஓடும் சத்தம் என்று சொன்னவளைப் படு என்று அனுப்பியவளும் அவள்தான். திருப்புளியை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். பதினொன்று ஐம்பதுக்குத் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, அடைத்த ஜன்னல்களைத் தாண்டி, ஆளற்ற தெருவில் நடந்தாள். மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது.

பன்னிரண்டு மணிக்கு ஆறு வந்தது. மேட்டிலிருந்து சத்தம் முன்னால் வந்தது, பின்னால் தண்ணீர் வந்தது. போனதற்கு நேர்மாறாக ஓரங்களை விரித்து இரண்டு கரையிலும் படுத்தது. செருப்புகளையும் நாற்காலிகளையும் சுற்றிக்கொண்டு ஓடிற்று. நடுவில், இடுப்பளவு தண்ணீரில், கோலை ஊன்றிக்கொண்டு அவர் நின்றார். தலை முழுக்க வெள்ளை. இடுப்புக்குக் கீழே தோல் தண்ணீரிலேயே ஊறி, விரல் நுனி மாதிரிச் சுருங்கியிருந்தது. அவர் கோலைத் தூக்கிப் பார்த்து, வேலைக்குச் சேர்ந்த நாளில் சொன்ன அதே குரலில், "ஒண்ணு புள்ளி பன்னெண்டு" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். அவளிடம் நோட்டு இல்லை. உள்ளங்கையில் எழுதினாள். எழுதிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"மூணு மாசமா வர்றோம்" என்றார் அவர். "தொண்ணூத்தேழு நாளு. தினமும் ஒரு மணி நேரம் நின்னு அளவைக் கத்துறேன், எழுத ஒரு ஆளு இல்ல. ஊரையே காலி பண்ணிட்டீங்களோன்னு நெனச்சேன்."

"எல்லாரும் தூங்குறாங்க. வெயில்."

"நீயுமா?"

"நான் பத்து மணிக்கு வந்தேங்க" என்றாள். தொண்ணூற்றேழு மணி நேரம் அவர் அங்கே நின்றிருக்கிறார், அவள் நானூறு அடி தள்ளி ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறாள். செருப்போடு தண்ணீரில் இறங்கினாள். குளிர்ந்திருந்தது. வெப்பமானி இல்லாமலே அவளுக்கு இருபத்துநான்கு என்று தெரிந்தது, புள்ளிக்குப் பின்னால் என்ன என்று மட்டும் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அவர் கையைப் பிடித்தாள். கை முழுக்க நீலம், அவள் புடவையிலும் ஒட்டியது. வீட்டுக்கு வாங்க என்றாள். அவர் தண்ணீரைப் பார்த்தார்.

"நான் கரை ஏறிட்டா இது மறுபடி வருமான்னு தெரியலம்மா. பன்னெண்டுலேருந்து ஒண்ணு வரைக்கும்தான் வருவேன்னு சொல்லியிருக்கு. யாராவது எழுதுறாங்களான்னு பாக்குது. ரொம்பப் பட்டிருக்கு இது. நீ வாயேன் என்கூட."

அவள் நெடுநேரம் யோசித்தாள் என்று சொல்ல முடியாது, நேரமே இல்லை. போக வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பதினான்கு வருஷமாக உதறிப்போட்ட படுக்கை, காலியாகத் திரும்பிய புட்டி, எல்லாம் போ போ என்றன. "நானும் வந்துட்டா, கரையில யாருங்க எழுதுறது?" என்றாள். அவர் தலையசைத்தார். அது சரி என்று அவருக்கும் தெரியும். ஒரு மணிக்கு ஆறு ஓரங்களை இழுத்துக்கொண்டு எழுந்தது, அவர் கோலோடு அதன் கூடவே நடந்து மேட்டில் மறைந்தார். ஐந்து நிமிஷத்தில் மணல் காய்ந்துவிட்டது, அளவுக்கம்பத்தின் அடியில் மட்டும் ஈரம் மிஞ்சியது.

பித்தளைத் தகட்டை அவள் கழற்றவில்லை. தண்ணீர் இருக்கும் இடத்தில் நிலையத்தை மூட விதி இல்லை என்பதால் உத்தரவு தானாகவே ரத்தாயிற்று. ஊர் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது. மத்தியானத் தூக்கத்தை இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டு, பன்னிரண்டுக்குக் குடங்களோடு வந்தார்கள். தபால்காரர் முங்கிக் குளித்து, பதினான்கு வருஷத்துக்கு முந்திய பாக்கியைத் தீர்த்தார். நாத்தனார் முதல் நாள் கரையில் நின்று அண்ணனை அரை மணி நேரம் திட்டினாள், மறுநாளிலிருந்து அவருக்குப் பிடித்ததைச் சமைத்துத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொடுத்தாள். மின் நிலையத்தார் குழாயோடு வந்து நின்ற நாளில் ஆறு வரவில்லை. மறுநாள் திருத்திய கொள்கையைப் படித்துவிட்டு, குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள், ஆறு வந்தது. அவர்கள் இப்போது நிலக்கரி கொட்டிய மைதானத்தில் வெயிலைப் பிடிக்கும் தகடுகளைப் பதித்து மின்சாரம் எடுக்கிறார்கள். வெயிலுக்கு அங்கே குறைச்சல் இல்லை.

சுருக்கம் சார் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த புதியவர், ஏழாம் மாத அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புள்ளியக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். திருத்திய படிவத்தில் ஆழத்துக்கென இருக்கும் நான்கு வேளைக் கட்டங்களில் நண்பகல் மட்டும் நிரம்பியிருக்கிறது, ஒன்று புள்ளி பன்னிரண்டு மீட்டர், மற்ற மூன்றும் இல்லை என்று இருக்கிறது, சரி. ஆனால் சராசரிக் கட்டத்தில் கோடு போட்டிருக்கிறீர்களே, நான்கால் வகுத்தால் வருமே, என்றார். வரும் என்றாள் அவள். பூஜ்யம் புள்ளி இருபத்தெட்டு. அதன்படி பார்த்தால், சார், இந்த ஊரில் ராப்பகலாக முழங்காலுக்குக் கீழே ஓர் ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, அதில் எந்நேரமும் கால்வாசிப் புருஷன் நிற்கிறார். அப்படி ஓர் ஆறு இங்கே இல்லை, அப்படி ஒரு புருஷன் எனக்கு இல்லை. எனக்கு இருக்கிறவர் முழு ஆள், ஒரு மணி நேரத்துக்கு.

புதியவர் அந்தக் கட்டத்தைக் கோட்டோடு அப்படியே விட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பதினொன்றே முக்கால். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தொலைபேசியை வைத்துவிட்டு, நோட்டையும் சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு பெட்டி நீல சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.